பத்து முறை கீழே ஊற்றிய பீர்

1980 நவம்பர் 15. கலிபோர்னியாவின் வடக்கே சிகோ என்றொரு கல்லூரி நகரம். அங்கே வாடகைக்குப் பிடித்த ஒரு கிடங்கில் கென் கிராஸ்மேன், பால் கமூசி என்ற இரண்டு இளைஞர்கள் தங்கள் ஆலையின் முதல் பீரைக் காய்ச்சினார்கள். அது ஸ்டவுட் எனப்படும் கறுப்பு வகை. அடுத்ததாக, எந்த பீரை நம்பிக் கடன் வாங்கினார்களோ அதை, பேல் ஏல் என்ற வெளிர் நிற வகையைத் தொடங்கினார்கள். அது மனதுக்குத் திருப்தியாக வரவில்லை. கீழே ஊற்றினார்கள். மறுபடி காய்ச்சினார்கள், மறுபடி ஊற்றினார்கள். இப்படிச் சுமார் பத்து முறை. அதற்குப் பிறகுதான் சியரா நெவாடா என்ற தங்கள் ஆலையின் பெயரோடு அந்த பேல் ஏல் கடைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கிராஸ்மேன் கற்றுக்குட்டி இல்லை. பள்ளிக்கூட வயதிலேயே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து பீர் காய்ச்சப் பழகியவர். 1976இல் சிகோவிலேயே வீட்டு பீருக்கான சாமான்கள் விற்கும் கடையைத் திறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் செய்முறை சொல்லிக்கொடுத்தவர். வேதியியல், இயற்பியல் பாடங்கள் படித்தவர். வீட்டில் அவர் காய்ச்சிய பீரைக் குடித்துவிட்டுத்தான் "நீ ஏன் இதையே தொழிலாகச் செய்யக்கூடாது?" என்று நண்பர்கள் கேட்டிருப்பார்கள். உலகம் முழுக்க வீட்டில் பீர் காய்ச்சும் எல்லோரிடமும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான் அது. அப்படிப்பட்டவருக்கே பத்து முறை ஏன் தவறியது என்று புரிந்துகொண்டால், இந்தப் பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது புரிந்துவிடும்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிவுக்கு வந்தபோது, வீட்டில் ஒயின் தயாரித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. பீருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் 45 வருடங்களுக்கு, சமையலறையில் ஒரு பானை பீர் காய்ச்சுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் இதை மாற்றியது. வயதுவந்த ஒருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்க மட்டும் கூடாது. இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது என்பதால் ஊருக்கு ஊர் வேகம் மாறியது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் அனுமதித்தன.

கார்ட்டரின் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பு, 1976இல், இன்னொரு சட்டம் சத்தமில்லாமல் வந்திருந்தது. வருடத்துக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத ஆலைகளுக்கு, முதல் 60,000 பேரல் வரை கலால் வரி பேரலுக்கு 9 டாலரிலிருந்து 7 டாலராகக் குறைந்தது. ஒரு பேரல் என்பது 117 லிட்டர். இரண்டு டாலர்தானே என்று தோன்றும். ஆனால் சிறிய ஆலைக்குக் கையில் நிற்கும் லாபமே பேரலுக்குச் சில டாலர்தான் என்னும்போது, அந்த இரண்டு டாலர் வாடகையாகிறது, பாட்டிலாகிறது. கார்ட்டர் கையெழுத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில், சிறிய ஆலைகள் முளைத்ததில் இந்த வரிச் சலுகைக்கும் அதே அளவு பங்கு உண்டு. 1970களின் கடைசியில் அந்த நாடு முழுக்க நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

கிராஸ்மேனும் கமூசியும் ஆலை தொடங்குமுன் சோனோமாவுக்குப் போய் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் பெயர் ஜாக் மெக்காலிஃப். அமெரிக்கக் கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் வேலை. அங்கே கிடைத்த ஏல் வகை பீர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஊர் திரும்பிய பிறகு அது கிடைக்காததால் தானே காய்ச்சினார். 1976இல் நியூ ஆல்பியன் என்ற ஆலையைத் தொடங்கினார். குளிர்பானப் பாகு வரும் 55 கேலன் எஃகு டிரம்களை வெட்டி, ஒட்டி, தன் கையாலேயே பாத்திரங்கள் செய்துகொண்டார். பீர் நன்றாக இருந்தது, பத்திரிகைகள் எழுதின, ஆட்கள் தேடி வந்தார்கள். 1982இல் ஆலையை மூடினார்.

காரணம் ருசியில் இல்லை, பானையில் இருந்தது. அவர் ஒரு முறை காய்ச்சினால் கிடைத்தது ஏறக்குறைய 45 கேலன், அதாவது ஒன்றரை பேரல். 355 மில்லி பாட்டிலில் அடைத்தால் ஐந்நூறு பாட்டில்கூட வராது. இப்போது வேலையைப் பாருங்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, அரைக்க வேண்டும். சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும். வடிக்க வேண்டும். ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். இதற்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். 20 லிட்டர் காய்ச்சினாலும் அதே ஏழெட்டு மணி நேரம்தான், 1,000 லிட்டர் காய்ச்சினாலும் ஏறக்குறைய அதேதான். ஆளுக்கான கூலியும் அடுப்புக்கான நேரமும் ஒன்றாக இருக்க, விற்கக் கிடைப்பது மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. மெக்காலிஃப் இரவும் பகலும் உழைத்தாலும் அந்தப் பானை அவரைக் கரையேற விடாது. பெரிய பானை வாங்கப் பணம் தேடினார், கிடைக்கவில்லை.

கிராஸ்மேன் இந்தக் கணக்கை அங்கேயே படித்துக்கொண்டு திரும்பினார். தன் ஆலையை ஒரு முறைக்குப் பத்து பேரல் என்று திட்டமிட்டார். புதிதாக வாங்க வசதி இல்லாததால் மூடிய பால் பண்ணைகளின் எஃகுத் தொட்டிகளைத் தேடி அலைந்தார். கல்லூரியில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டார். குளிர்பானக் கம்பெனி கழித்துப்போட்ட பாட்டில் இயந்திரத்தைப் பிரித்து மாட்டினார். பீர் காய்ச்சத் தெரிந்தவர் பீர் ஆலை தொடங்கினார் என்று சொல்வது எளிது. உண்மையில் அந்த ஒன்றரை, இரண்டு வருடங்களில் அவர் பார்த்தது குழாய் வேலை, வெல்டிங் வேலை, மின்சார வேலை. இன்றும் சிறிய ஆலை தொடங்குபவர்களின் முதல் வருடம் இதே மாதிரிதான் போகிறது.

சரி, பானை பெரிதானது. பிறகு ஏன் பத்து முறை ஊற்ற வேண்டி வந்தது?

நம் கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கு அருமையாகச் சாம்பார் வைக்கிற ஒருவரிடம் நானூறு பேருக்கு வைக்கச் சொன்னால், எல்லாவற்றையும் நூறால் பெருக்கிப் போட்டுவிட்டு முழி பிதுங்கி நிற்பார். உப்பும் புளியும் அப்படிப் பெருகாது, கொதி வருகிற நேரமும் மாறிவிடும் என்பது தவசிப்பிள்ளைக்குத் தெரியும். பீரிலும் அதே கதை. ஆனால் அங்கே சமைப்பது நாம் மட்டும் இல்லை, ஈஸ்ட் என்ற உயிரும் கூடவே சமைக்கிறது. மார்கழியில் மாவு பொங்காததும், சித்திரையில் விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துப்போவதும் நம் வீடுகளில் தெரிந்த விஷயம். அதே நுண்ணுயிர் குணம்தான் இதுவும்.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு வெளியாகும். 20 லிட்டர் கண்ணாடி ஜாடியில் அந்தச் சூடு சுவர் வழியாக வெளியேறிவிடும். வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் போதும். தொட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே இருக்கும் பீர் எட்டு மடங்காகிறது, சூடு வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். ஆயிரம் லிட்டர் தொட்டிக்குள் சூடு மாட்டிக்கொள்ளும். 19 டிகிரியில் நிற்க வேண்டிய ஏல் 25ஐத் தாண்டினால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். வாழைப்பழ வாசனையும், பெயின்ட் கரைப்பான் மாதிரி ஒரு காரமும் வரும். அதனால்தான் ஆலைத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை போடுகிறார்கள். அந்த உறைக்கும் அதைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவை, பொழுதுபோக்காகக் காய்ச்சிய காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஆக்சிஜன். ஈஸ்ட் பெருகத் தொடங்கும் நேரத்தில் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். தன் செல்லின் சவ்வைக் கட்டிக்கொள்ள அது தேவை. வீட்டில் ஜாடியைத் தூக்கி நன்றாகக் குலுக்கினால் போதும். ஆயிரம் லிட்டர் தொட்டியை யார் குலுக்குவது? காற்றோ ஆக்சிஜனோ அளந்து செலுத்த ஒரு வழி செய்ய வேண்டும். குறைந்தால் ஈஸ்ட் பாதியிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடும். இதிலுள்ள சிக்கல், அந்தத் தொடக்க நேரம் முடிந்த பிறகு அதே ஆக்சிஜன்தான் பீருக்கு எமன். பாட்டிலில் அடைக்கும்போது துளி காற்று கூடுதலாகப் புகுந்தாலும் சில வாரங்களில் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணக்கும். வீட்டு பீர் பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. கடை அலமாரியில் இரண்டு மாதம் நிற்க வேண்டிய பாட்டிலுக்கு அந்தத் தப்பும் வழி கிடையாது.

மூன்றாவது, ஈஸ்ட்டின் வம்சம். வீட்டில் ஒவ்வொரு முறையும் புதிய பாக்கெட்டை உடைக்கலாம். ஆலையில் அது கட்டுப்படியாகாது. ஒரு தொட்டியின் அடியில் படிந்த ஈஸ்ட்டை எடுத்து அடுத்த தொட்டியில் போடுவார்கள், அதிலிருந்து எடுத்து அதற்கடுத்ததில். உறை மோர் வைத்துக் காப்பாற்றுவது போலத்தான். தலைமுறை தலைமுறையாகப் போகும்போது ஈஸ்ட்டின் குணம் மெல்ல மாறலாம், காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ கூட்டுச் சேரலாம். நுண்ணோக்கியில் பார்த்து எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும். பாலாடை உருகிய மாதிரி வெண்ணெய் வாசனை வந்தால் டயசெட்டில், வேகவைத்த சோள வாசனை வந்தால் டைமெத்தில் சல்பைடு என்று மூக்காலேயே பெயர் சொல்லத் தெரிய வேண்டும். ஏன் வந்தது, எந்தக் கட்டத்தில் வந்தது என்று பின்னால் நடந்து போய்க் கண்டுபிடிக்கவும் வேண்டும்.

இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பத்து தொட்டி. ஊற்றிய பீரில் சிலவற்றையாவது வீட்டில் காய்ச்சியிருந்தால் நண்பர்களோடு மகிழ்ச்சியாகக் குடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வீட்டில் போன தடவையை விட இந்தத் தடவை கொஞ்சம் மாறியிருந்தால் அதுவே பேச்சுக்கு ருசி. கடையில் வாங்குகிறவர் போன வாரம் குடித்த அதே பீரைத்தான் தேடி வருகிறார். இன்று கசப்பு தூக்கலாக இருந்தால் அவருக்கு அது புதுமை இல்லை, ஏமாற்றம். மூன்றாம் முறை அவர் கை வேறு பாட்டிலுக்குப் போய்விடும்.

பத்து முறை ஊற்றத் தைரியம் இருந்தால் மட்டும் போதாது, பணமும் இருக்க வேண்டும். குடும்பத்திடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன் அது. ஒவ்வொரு முறை வடிகாலைத் திறந்தபோதும் மால்ட்டும் ஹாப்ஸும் வாடகையும் போயின. தொழில் திட்டம் எழுதுகிறவர்கள் பாத்திர விலை, மால்ட் விலை, பாட்டில் விலை எல்லாவற்றையும் எழுதுவார்கள். கீழே ஊற்றப்போகும் பீருக்கு ஒரு வரி எழுதிவைப்பவர்கள் குறைவு. அதற்கு இடம் இல்லாத ஆலை என்ன செய்யும்? சுமாராக வந்ததையும் பாட்டிலில் அடைத்து அனுப்பும். பெயர் கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹாப்ஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்தக் காலத்தில் ஹாப்ஸ் வியாபாரிகள் விற்றது பெரிய பெரிய பொதிகளாக, பெரிய ஆலைகளுக்கு. சில்லறையில் வாங்க வழியே இல்லை. கிராஸ்மேன் தன் கடைக்காக வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவுக்கே போனார். பெரிய ஆலைகளின் வாங்குநர்கள் முகர்ந்து பார்ப்பதற்காகப் பொதியிலிருந்து செங்கல் மாதிரி ஒரு துண்டு வெட்டி வைப்பார்கள். முகர்ந்து முடித்ததும் அதற்கு வேலை இல்லை. அந்த மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் அந்தப் பூவை வைத்துத் தேய்த்தால் மஞ்சள் தூள் ஒட்டும். லுபுலின் என்று பெயர். பீரின் கசப்பும் மணமும் அதில்தான் இருக்கிறது. 1972இல் வெளியான கேஸ்கேட் என்ற வகையைத் தேய்த்தால் கிரேப்ஃப்ரூட் தோல், பைன் மரப் பிசின் மாதிரி ஒரு மணம் வரும். சியரா நெவாடா பேல் ஏலின் அடையாளமே அந்த மணம்தான். எல்லாப் பெரிய ஆலைகளும் ஒரே மாதிரி லாகர் என்ற இளம் மஞ்சள் பீரை விற்றுக்கொண்டிருந்த நாட்டில், இந்த பேல் ஏலைக் குடித்தவர்களுக்கு இதுவும் பீர்தானா என்றிருந்தது.

எல்லோரும் பத்து பேரலில் தொடங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. சாம் கலாஜியோனி 1995இல் டெலவேர் மாநிலத்தின் ரெஹோபோத் கடற்கரையில் டாக்ஃபிஷ் ஹெட் என்ற ஆலையைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது வெறும் 12 கேலன் பானை. மெக்காலிஃபுடையதை விடவும் சிறியது. ஒரு நாளிலேயே இரண்டு, மூன்று முறை காய்ச்சினார். ஆனால் அவர் நடத்தியது உணவகம். சாப்பாடும் விற்றது, பீரும் தன் கடையிலேயே கிளாஸ் கிளாஸாக விற்றது. பாட்டில் இல்லை, மூடி இல்லை, விநியோகஸ்தர் கமிஷன் இல்லை, லாரி இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஆலை விநியோகஸ்தருக்கு விற்க வேண்டும், அவர் கடைக்கு விற்க வேண்டும், கடை குடிப்பவருக்கு விற்க வேண்டும் என்ற மூன்றடுக்கு முறை மதுவிலக்கு முடிந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சிறிய பானைக்காரர் பிழைக்க வேண்டுமானால் அந்த அடுக்குகளைத் தாண்டித் தன் குழாயிலிருந்து நேராக ஊற்ற வேண்டும். மெக்காலிஃபின் காலத்தில் கலிபோர்னியாவில் அந்த வழி திறந்திருக்கவில்லை. ஆலையோடு உணவகமும் நடத்தலாம் என்று அந்த மாநிலச் சட்டம் மாறியது அவர் மூடிய அதே 1982இல்தான். அவருடைய பாத்திரங்களும், அவரிடம் வேலை பார்த்தவர்களும் ஹாப்லேண்ட் என்ற ஊருக்குப் போய், மதுவிலக்குக்குப் பிறகு கலிபோர்னியாவின் முதல் புரூபப், அதாவது தன் பீரைத் தானே காய்ச்சி விற்கும் உணவகம், 1983இல் அங்கே திறந்தது. ஒரு வருட இடைவெளி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

இன்று தொடங்குகிறவர்களுக்கு ருசிப் போட்டியை விடக் காத்திருக்கும் காலம்தான் கொடுமை. வீட்டில் காய்ச்சியதை விற்கக் கூடாது என்பதால் சந்தையை முன்கூட்டிச் சோதிக்க முடியாது. குடியிருக்கும் வீட்டிலேயே ஆலைக்கு அனுமதியும் கிடையாது. இடம் பிடித்து, வாடகை கொடுத்து, பாத்திரங்களுக்கு ஏற்பாடு செய்து, அதன் பிறகு மத்திய அரசிடமும் மாநிலத்திடமும் நகராட்சியிடமும் அனுமதி வாங்கியாக வேண்டும். மாதக்கணக்கில் ஒரு கிளாஸ்கூட விற்காமல் வாடகை மட்டும் போகும். போட்டியும் முன்பு மாதிரி இல்லை. 2024இல் அமெரிக்காவில் திறந்த சிறிய ஆலைகளை விட மூடியவை அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் 1896இலிருந்து இருந்த, இந்தச் சிறிய ஆலைகளின் இயக்கத்துக்கே தாய்வீடான ஆங்கர் ஆலை 2023இல் நின்றுபோனது. சான் டியேகோவில் 1992இல் வீட்டு பீர் சாமான் கடையாகத் தொடங்கிய பாலஸ்ட் பாயின்ட், 2015இல் 100 கோடி டாலருக்கு ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. நான்கே வருடத்தில் அந்தக் கம்பெனி அதைக் கைகழுவி ஒரு சிறிய ஆலையிடம் விற்றது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மேலே சொன்ன எதுவும் இங்கே பொருந்தாது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் கராஜில் பானை வைத்துக் காய்ச்சும் நம் ஆட்களுக்குத்தான் இது.

அப்படி ஒருவர் என்னிடம் கேட்டால், தொழில் திட்டம் எழுதுவதற்கு முன் செய்யச் சொல்வது இதுதான். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு பீரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் கைவைக்காமல் ஐந்து முறை காய்ச்சுங்கள். புதிதாக எதையாவது சேர்த்துப் பார்க்கலாமே என்று கை அரிக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். நீரின் அளவு, வெப்பநிலை, ஈஸ்ட் போட்ட நேரம், தொடக்க அடர்த்தி, முடிவு அடர்த்தி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் பாட்டிலில் போட்டு, இரண்டும் நன்றாக முதிரும் வரை வையுங்கள். பிறகு மூன்று கிளாஸ். இரண்டில் நான்காவது, ஒன்றில் ஐந்தாவது. எது எதில் என்று சொல்லாமல் பீர் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, இதில் மாறுபட்டது எது என்று மட்டும் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். பெரிய ஆலைகளின் ஆய்வுக்கூடங்களும் இதையேதான் செய்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு பங்குப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைத் தாண்டி எட்டு, ஒன்பது பேர் அந்த ஒற்றைக் கிளாஸைக் கண்டுபிடித்துவிட்டால், நோட்டைத் திறந்து ஆறாவதைக் காய்ச்சுங்கள்.